இராஜமாணிக்கத்துக்கு எல்லாப் பதிலும் தெரியும்

உஷா மூன்றாம் வகுப்பு டீச்சர். ஓசூரைத் தாண்டியதும் வரும் அத்திபெலேயில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடமாகப் பிள்ளைகளோடு மாரடிக்கிறாள். வாய்ப்பாடு வராத பிள்ளை என்று உலகத்தில் ஒன்று கிடையாது, சொல்லவைக்கத் தெரியாத டீச்சர்தான் உண்டு என்பது அவள் கட்சி. திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் எதுவும் மண்டையில் ஏறும். அந்த நம்பிக்கையில்தான் கார்த்திகையிலும் மார்கழியிலும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல், தன் புருஷன் இராஜமாணிக்கத்தை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள்.

"யார் மேலயாவது கை நீட்டலாமா?"

"கூடாது. யார் மேலயும் கை நீட்டக் கூடாது. அது தப்பு."

"கோவம் வந்தா என்ன செய்யணும்?"

"அந்த எடத்த விட்டு நகந்து போயிடணும். தண்ணி குடிக்கணும்."

"ஆயுத பூஜை அன்னிக்கு நடந்தது?"

"நான் செஞ்சது தப்பு. மன்னிப்பு கேட்டுக்கறேன். இனிமே நடக்காது."

"உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"எனக்கு எந்தக் கொறையும் இல்ல சார். நான் நல்லா இருக்கேன்."

"சார்ங்கறத மொதல்ல சொல்லுங்க. அப்பதான் மரியாதையா இருக்கும்."

"சார், எனக்கு எந்தக் கொறையும் இல்ல. நான் நல்லா இருக்கேன். சரியா சொன்னேனா உஷா?"

"சரி."

கடைசிப் பதில் முடிந்ததும் தட்டில் வைத்திருந்த நாலு பிஸ்கட்டை அவர் பக்கம் நகர்த்துவாள். நாற்பத்துமூன்று வயது ஆண்பிள்ளை பிஸ்கட்டுக்காகப் பாடம் ஒப்பிப்பதைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உங்களால் அடக்கிக்கொள்ள முடியும். இராஜமாணிக்கத்தால் அது முடியாமல் போனதுதான் இந்தக் கதை.

பொம்மசந்திராவில் வாஷிங் மெஷினுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் அவர் பதினேழு வருடம் பிரஸ் ஆபரேட்டர். வாணியம்பாடியிலிருந்து வந்து ஒரே கம்பெனியில் சேர்ந்து அங்கேயே நிரந்தரம் ஆனவர். வாயில்லாப் பூச்சி என்பார்கள், அப்படி ஒரு மனிதர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் சாரி சொல்வார். கல்யாணமான புதிதில் உஷாவுக்கு இது எரிச்சலாகக்கூட இருந்தது. சண்டை போடவும் ஒரு ஆள் வேண்டாமா? அவள் கத்திக் கத்திக் களைத்த பிறகு, "காபி போடட்டுமா?" என்று கேட்கிற ஆளிடம் என்ன சண்டை போடுவது?

போன ஏப்ரலில் ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது சர்வீஸ் ரோட்டில் ஒரு டெம்போ எதிர்ப்பக்கமாக வந்தது. இவர் ஒதுங்கினார். வண்டி சறுக்கியது. ஹெல்மெட் தலையில் இருந்தது, வாரை மாட்டவில்லை. டிவைடர் கல்லில் நெற்றி மோதி எலும்பில் விரிசல் விட்டது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூளையின் முன்பக்கம் கன்றிப்போயிருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இருபதாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். பேர் சொன்னார், தேதி சொன்னார், மகள் சிந்துவின் கணக்கில் ஒரு தப்பைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னார். உஷா ஓசூர் மலைக் கோவிலுக்குப் போய் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டதை மறுவாரமே நிறைவேற்றினாள். எலும்பு ஒட்டியதைப் பார்த்த டாக்டர், வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எலும்பைப் பார்க்கிற டாக்டர் எலும்பைத்தான் பார்ப்பார்.

முதலில் வந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். பல் துலக்க பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர் அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். "தேய்ங்க" என்று சொன்னால் தேய்ப்பார். சாவு வீட்டில் பாடையில் பூ கட்டுகிற ஆளைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "நீங்க ரொம்ப குண்டாயிட்டீங்க" என்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிந்துவின் தட்டிலிருந்து தோசையை எடுத்துத் தின்றார். பெண் விளையாட்டாக அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அறை விழுந்தது. பதினாறு வருடத்தில் அந்தப் பெண் அப்பாவிடம் வாங்கிய முதல் அடி அது. அடித்த அடுத்த நிமிடம் அவர் மிச்சத் தோசையைத் தின்றுகொண்டிருந்தார்.

"கொழந்தைய அடிக்கலாமாங்க?" என்று உஷா அழுதுகொண்டே கேட்டாள்.

"கூடாது. தப்புதான்" என்றார், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

அன்றிலிருந்து சிந்து சமையலறையில் நின்றபடியே சாப்பிடப் பழகிக்கொண்டாள். உஷா ஒன்று கற்றுக்கொண்டாள்: அவர் கையில் இருக்கிற தின்பண்டத்தைப் பிடுங்கக் கூடாது. கையில் இல்லாதபோது சொன்னால் கேட்பார், கையில் வந்துவிட்டால் எடுக்கக் கூடாது. இதை வீட்டில் இருந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள். கம்பெனிக்கு யார் போய்ச் சொல்வது?

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பிரஸ் ஷாப்புக்குப் பூசணிக்காய் உடைப்பது ஒன்பது வருடமாக இராஜமாணிக்கம்தான். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல், குளித்து, வேட்டி கட்டி, பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகுதான் ஒரு வாய் பொரியைப் போடுவார். இந்த வருடம் ஐயர் மணியை எடுப்பதற்கு முன்னாலேயே இவர் மேஜையில் அடுக்கியிருந்த ஸ்வீட் பெட்டியில் ஒன்றைத் திறந்து தின்ன ஆரம்பித்துவிட்டார். லைன் இன்ஜினியர் அபினவ் பக்கத்தில் நின்றிருந்தான். சிக்கபள்ளாபூர்க் கன்னடப் பையன், வேலைக்கு வந்து மூன்று வருடம், இவரிடம்தான் பிரஸ்ஸைக் கற்றுக்கொண்டவன். முதலாளி பார்ப்பதற்குள் மறைத்துவிடலாம் என்று, "அண்ணா, பூஜை முடியட்டும்" என்று பெட்டியைக் கையிலிருந்து வாங்கினான். நல்ல எண்ணத்தில்தான் வாங்கினான். அறைந்த வேகத்தில் கண்ணாடி உடைந்து புருவத்தில் கிழித்தது. மூன்று தையல். முதலாளி, மேனேஜர், இருநூறு தொழிலாளிகள், ஐயர், எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றைக்கே சஸ்பெண்ட். பத்து நாளில் சார்ஜ் ஷீட் வந்தது. உள்விசாரணை நடக்கும், கூட ஒரு தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. டூல் ரூம் எரிக் தானாக வந்தான். பிரேசர் டவுன்காரன், இராஜமாணிக்கத்தோடு ஒரே வருடம் சேர்ந்தவன், இன்றைக்கும் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவன்.

"தோ பாரு உஷா, டென்ஷன் ஆவாத. பதினேழு வருஷம் க்ளீன் ரெக்கார்டு. தப்புன்னு ஒத்துக்கினு மன்னிப்பு கேட்டா வார்னிங்கோட விட்டுடுவாங்க. ஆனா அங்க வந்து இவன் ஒளறக் கூடாது. நீட்டா பேசணும். அத மட்டும் நீ பாத்துக்கோ" என்றான்.

நீட்டாகப் பேசவைப்பது உஷாவின் தொழில் அல்லவா? அதை அவள் பார்த்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் நவம்பரில், பெரிய நரம்பு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனாள். ஐரின் என்று ஒரு டாக்டர், தமிழ் பேசுகிற அம்மாள். இரண்டு நாள் வைத்துச் சோதனை செய்தார். கட்டம் போடச் சொன்னார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், படம் காட்டினார். இராஜமாணிக்கம் பெரும்பாலும் சரியாகவே செய்தார். உஷாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ரேங்க் கார்டு வாங்கப் போன அம்மாவைப் போல. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று அவரிடமே கேட்டார்.

"பவர் பிரஸ் மேடம்."

"கை மாட்டிக்காம இருக்க அதுல என்ன இருக்கு?"

"சென்சார் இருக்கு. கை உள்ள போனா பிரஸ் நின்னுடும்."

"அந்த சென்சார் கெட்டுப் போச்சுன்னு வைங்க. பிரஸ் ஓடுமா?"

"ஓடும் மேடம். நல்லா ஓடும். ஆனா கை போயிடும்."

டாக்டர் உஷாவின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரருக்கு ஆனது அதுதாம்மா. நெத்திக்குப் பின்னால இருக்கற மூளைக்கு முக்கியமான வேலையே 'வேணாம், பொறு, நிறுத்து'ன்னு சொல்றதுதான். கோபம் எல்லாருக்கும்தான் வருது. உங்களுக்கும் எனக்கும் கை எழும்பறதுக்குள்ள அது பிடிச்சிடுது. இவருக்கு அந்த எடம் அடிபட்டிருக்கு. எது சரி எது தப்புங்கற அறிவு வேற எடத்துல பத்திரமா இருக்கு. அதனால கேட்டா கரெக்டா சொல்வார். ஆனா சொன்னத அந்த நேரத்துல செய்ய வராது."

"சொல்லிக் கொடுத்தா வராதா மேடம்? தினமும் சொல்லிக் கொடுத்தா?"

"சொல்ல வரும்" என்றார் டாக்டர். "இந்த மாதிரி அமைதியான ரூம்ல, ஒருத்தர் எதிர்ல உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டா இவர் நல்லாத்தான் இருப்பார். அதுதான் இதுல ஏமாத்தற விஷயம். பாக்கறவங்க திமிர்னு நெனச்சிப்பாங்க. அதனால நான் ஒரு லெட்டர் தரேன். கம்பெனியில கண்டிப்பா கொடுங்க. இது நோய்னு தெரிஞ்சா மெஷின் இல்லாத வேற வேலையாவது கேக்கலாம்" என்றார்.

இரண்டு பக்கக் கடிதம். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே உஷா அதைப் படித்துவிட்டாள். மூளையின் முன்பகுதியில் நிரந்தரச் சேதம். நடத்தைக் கட்டுப்பாட்டில் குறைபாடு. இயந்திரங்களுக்கு அருகில் வேலை செய்யக் கூடாது. எப்போதும் ஒருவர் மேற்பார்வை தேவை. இதைக் கொடுத்தால் எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? மூளை சரியில்லாதவனுக்குப் பிரஸ் ஷாப்பில் என்ன வேலை என்று கேட்டு அனுப்பிவிட மாட்டார்களா? நாளைக்குச் சிந்துவைப் பெண் கேட்டு வருகிறவன், அப்பனுக்கு மூளைக் கோளாறாமே என்று திரும்பிப் போனால்? எரிக் சொன்ன வழி நேராக இருந்தது. தப்புதான், மன்னிப்பு, இனிமேல் நடக்காது. பதினேழு வருடம் இருக்கிறது, அது பேசும்.

கடிதத்தை மடித்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். எரிக்கிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பிஸ்கட்டோடு பாடத்தை ஆரம்பித்தாள்.

அவளைத் திட்டுவது சுலபம். டாக்டர் தெளிவாகச் சொன்னார், இவளுக்குக் காது இல்லையா என்று கேட்கலாம். காது இருந்தது. ஆனால் அவள் கேள்வி கேட்கிறாள், அவர் தப்பில்லாமல் பதில் சொல்கிறார். பதில் சொல்கிறவனுக்குப் பாடம் வந்துவிட்டது என்றுதானே அவள் பதின்மூன்று வருடமாக மார்க் போட்டிருக்கிறாள்?

பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால், காலை பதினொரு மணிக்கு விசாரணை. பயிற்சி கொடுக்கும் ஹாலில் நடந்தது. ஏ.சி. போட்டு, கதவைச் சாத்தி, பிரஸ் சத்தம் துளிகூட உள்ளே வராமல் அமைதியாக இருந்தது. விசாரணை அதிகாரி சீனிவாசராகவன் வெளியிலிருந்து வந்த வக்கீல். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். அறுபது வயதுக்கு மேல், நிதானமான பேச்சு. எரிக் கேட்டுக்கொண்டதன் பேரில் உஷாவையும் உள்ளே உட்கார அனுமதித்தார். கம்பெனி தரப்பில் ஹெச்.ஆர். பெண் ஒருத்தி, டைப் அடிக்க ஒரு ஆள். கைப்பையில் உஷா அந்தக் கடிதத்தையும் எடுத்து வந்திருந்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

முதலில் அபினவ் சாட்சி சொன்னான். புருவத்தில் தழும்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"ராஜமாணிக்கம் அண்ணாதான் சார் எனக்குக் கெலச சொல்லிக் கொடுத்தது. ஒரு வேலையும் தெரியாம வந்தேன். அவர் மேல கோபம் இல்ல, பேஜார்தான், மனசுக்குக் கஷ்டம். அவர் திரும்பி வந்தா பக்கத்துல நிக்க பயமா இருக்கு. அது நிஜம் சார்."

சீனிவாசராகவன் இராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். சட்டையை உஷாதான் தேய்த்திருந்தாள்.

"மிஸ்டர் இராஜமாணிக்கம், இவரை நீங்க அடிச்சேளா?"

"சார், நான் செஞ்சது தப்பு. மன்னிப்பு கேட்டுக்கறேன். இனிமே நடக்காது."

உஷா மூச்சு விட்டாள். எரிக் மேஜைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"ஒருத்தர் மேல கை நீட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமோன்னோ?"

"தெரியும் சார். யார் மேலயும் கை நீட்டக் கூடாது. அது தப்பு."

"கோபம் வந்தா?"

"அந்த எடத்த விட்டு நகந்து போயிடணும். தண்ணி குடிக்கணும்."

"பேஷ்" என்றார் சீனிவாசராகவன். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ தப்புன்னு அன்னிக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது."

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. உஷாவின் கை கைப்பையை இறுக்கிக்கொண்டது.

"தெரியும் சார்" என்றார் இராஜமாணிக்கம்.

"தெரிஞ்சேதான் அடிச்சேள்."

"ஆமா சார். பொட்டிய புடுங்கினான்."

"தெரியாம செஞ்சா வேற. குடிச்சிருந்தார், மயக்கத்துல இருந்தார்னா அதுகூட வேற. இவர் ஸ்படிகம் மாதிரி தெளிவா இருக்கார். தெரிஞ்சே செஞ்சிருக்கார். நான் என்ன எழுதறது?" என்று எரிக்கைப் பார்த்துக் கேட்டார். எரிக்கின் கட்டைவிரல் எப்போதோ மடங்கியிருந்தது.

உஷா எழுந்து நின்றாள். கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது, எரிக் எடுத்துக் கொடுத்தான். சீனிவாசராகவன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். தேதியை விரலால் தொட்டார்.

"நவம்பர் பதினாலு. ரெண்டு மாசமா இது எங்கம்மா இருந்தது?"

"வீட்ல சார்."

"ஏன் கொடுக்கலை?"

எரிக் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஹெச்.ஆர். பெண் குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள். கேஸ் தோற்கும் நேரத்தில் பையிலிருந்து கடிதம் எடுக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள்.

"சார், டாக்டர் சொன்னாங்க, பிரஸ்ஸுக்கு சென்சார் இருக்குல்ல, அந்த மாதிரி இவருக்கு மூளையில நிறுத்தற எடம் போயிடுச்சு. வேணும்னு செய்யல சார். இவர் இப்பிடி ஆளே இல்ல" என்றாள். வகுப்பில் அவள் இப்படித் திணறி ஒருநாளும் பேசியதில்லை.

சீனிவாசராகவன் கெட்டவர் இல்லை. அவர் கடிதத்தை ஒதுக்கிவிடவில்லை. இராஜமாணிக்கத்திடம் திரும்பி, நிதானமாக, "உங்களுக்குத் தலையில ஏதாவது தொந்தரவு இருக்கா? உடம்புக்கு ஏதாவது? மனசு விட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

உஷாவுக்கு அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"சார், எனக்கு எந்தக் கொறையும் இல்ல. நான் நல்லா இருக்கேன்."

சாரை முதலில் போட்டு, மரியாதையாக, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திச் சொன்னார். முந்நூறு தடவை சொன்ன பதில், பிசகுமா?

"என்னைவிடத் தெளிவா பேசறாரேம்மா" என்றார் சீனிவாசராகவன், வருத்தமாக.

"அப்பிடி இல்ல சார்." எரிக் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "நான் டூல் ரூம்காரன். பிரஸ் ஓடறத பாத்து சென்சார் நல்லா இருக்குன்னு எவனும் சொல்ல முடியாது. கைய உள்ள விட்டாத்தான் சார் தெரியும்."

அவன் மெஷினைப் பற்றித்தான் சொன்னான். அந்த நேரத்தில் கேண்டீன் ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு டீ கொண்டுவந்தான். ஆளுக்கொரு டீ, நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். இராஜமாணிக்கம் யாரும் சொல்வதற்கு முன்னால் இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்று வாயில், ஒன்று கையில்.

உஷா அந்தக் கையைப் பார்த்தாள். பிரசவத்துக்குப் போனபோது ஆட்டோவில் வழி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கை. பதினெட்டு வருடத்தில் அவள்மேல் ஒருமுறைகூட ஓங்கியதில்லை. விபத்துக்குப் பிறகும் அவள்மேல் படாமல், அவள்தான் எப்படியோ சமாளித்து வைத்திருந்தாள். அபினவ் முன்னால், எரிக் முன்னால், முன்பின் தெரியாத ஒரு வக்கீல் முன்னால், அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தாள். கடிதம் பேசாது. பதினேழு வருடமும் பேசவில்லை. வேறு எதைக் காட்டுவது? பயமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, கையை நீட்டி அவர் விரலிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கினாள்.

அடி காதோடு சேர்த்து விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்து சுவரில் மோதினாள். தோடு கழன்று எங்கோ உருண்டது. டீ மேஜை முழுக்கக் கொட்டி, டைப் அடிக்கிறவன் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தான். அபினவ் சுவரோடு ஒட்டி நின்றான். இராஜமாணிக்கம் குனிந்து, தரையில் கிடந்த பிஸ்கட்டை எடுத்து, ஊதிவிட்டு, தின்றார்.

எரிக் ஓடிவந்து அவளைத் தூக்கினான். ஒரு காது கேட்கவில்லை. கன்னம் எரிந்தது, ஆனால் மனதுக்குள் வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம் இருந்தது. காட்டிவிட்டாள் அல்லவா?

"பாத்தீங்களா சார். இதான் சார். இதான் அந்த நோய். இவருக்கு நிறுத்த வராது சார்."

சீனிவாசராகவனின் முகம் வெளுத்திருந்தது. அவர் உஷாவைப் பார்க்காமல் இராஜமாணிக்கத்தையே பார்த்தார்.

"இப்ப என்ன பண்ணினேள்?"

"அடிச்சேன் சார்."

"கட்டின பொண்டாட்டிய, இத்தனை பேர் முன்னால. அடிக்கலாமா?"

"கூடாது சார். யார் மேலயும் கை நீட்டக் கூடாது. அது தப்பு. கோவம் வந்தா அந்த எடத்த விட்டு நகந்து போயிடணும். தண்ணி குடிக்கணும்." வாயில் பிஸ்கட் துகளோடு, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, டைப் அடிக்கிறவனை உட்காரச் சொல்லி, இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். குற்றம்சாட்டப்பட்டவர் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே தன் மனைவியைத் தாக்கினார். கேட்டபோது, அது தவறு என்று முழுமையாக உணர்ந்திருப்பதைத் தெளிவாகச் சொன்னார். தாமதமாகத் தரப்பட்ட மருத்துவக் கடிதத்தை அவருடைய பதில்களே பொய்யாக்குகின்றன.

"சார், கொஞ்சம் நான் சொல்றத கேளுங்க சார்" என்று எரிக் குறுக்கே போனான். சீனிவாசராகவன் கையைக் காட்டி நிறுத்தினார்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்த டிஸ்மிஸ் கடிதத்தில் இதே வரிகள்தான் இருந்தன. ஆனால் அதுவரை காத்திருக்க உஷாவுக்கு அவசியம் இருக்கவில்லை. இங்கிலீஷ் மீடியம் டீச்சர், கேட்கிற ஒரு காதிலேயே ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவருடைய பதில்கள் என்று அந்த மனிதர் சொன்னவை யாருடைய பதில்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுகை வரவில்லை.

இராஜமாணிக்கம் அவள் பக்கம் திரும்பினார். கன்னத்தில் பதிந்திருந்த விரல்களை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. சாயங்கால வேளையில் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அதே முகம், கேள்வியெல்லாம் முடித்துவிட்டுக் காத்திருக்கிற முகம்.

"சரியா சொன்னேனா உஷா?"

உஷா நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"சரி" என்றாள். டீ படாமல் தப்பித்திருந்த பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.